குளிர்காலத்தில் எடை குறைக்கும் முன் எலும்பைப் பற்றிக் கொஞ்சம்

லண்டனுக்கு வந்த முதல் வருடத்தில் நம்மில் பலருக்கும் எடை கூடிவிடுகிறது. ஜனவரி பிறந்ததும் ஜிம்மில் சேர்ந்து, இரவுச் சோற்றையும் நிறுத்திவிடுவோம். நல்ல காரியம்தான். ஆனால் வெயிலே இல்லாத மாதங்களில் தொடங்குகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

என் முதல் குளிர்காலத்தில், சமையலறை ஜன்னலோரம் கையில் வெயில் பட உட்கார்ந்து டீ குடிப்பேன். சாப்பாட்டிலுள்ள கால்சியத்தை எலும்புக்குச் சேர்க்க உதவும் வைட்டமின் டி-க்கு அது போதும் என்று நம்பியிருந்தேன். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பது அப்போது தெரியாது. வெளியே போய் நின்றாலும் பெரிய பலன் இல்லை. டிசம்பர் நண்பகலில் இங்கே உங்கள் நிழல் உங்கள் உயரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும். அவ்வளவு தாழ்ந்த சூரியனால் ஆவது ஒன்றுமில்லை. நம்முடைய கருத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் வெயில் வேண்டும்.

அதனால்தான் தெற்காசியர்கள் வருடம் முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கும்படி இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ் சொல்கிறது. சில டப்பாக்களில் அது 400 ஐ.யு (வைட்டமினை அளக்கும் இன்னொரு அலகு) என்று இருக்கும். ஒரு நாளில் 4000 ஐ.யு-வைத் தாண்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஜி.பி-யை, அதாவது உங்கள் குடும்ப டாக்டரை, கேட்காமல் தொடங்காதீர்கள். சைவமா? மாத்திரைகளில் வரும் டி3 என்ற வகை பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பது. பாசியிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது, லேபிளைப் பாருங்கள்.

சரி, எடைக்கு வருவோம். எடை குறையும்போது எலும்பு தாங்கும் பாரமும் குறைகிறது, சாப்பாட்டோடு கால்சியமும் குறைகிறது. உடல் எடையில் பத்து சதவீதம் இறங்கினால் இடுப்பெலும்பின் அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் குறையலாம். பட்டினி கிடந்து வேகமாக இறக்குவதுதான் எனக்குப் பயம் தருகிறது. மாதக்கணக்கில் மெதுவாக இறக்குங்கள். பருப்பு, முட்டை, தயிர், முள்ளோடு சாப்பிடக்கூடிய டின் மத்தி இதையெல்லாம் தட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ராகி கிடைத்தால் இன்னும் நல்லது. நடை மட்டும் போதாது, வாரம் இரண்டு நாளாவது எடை தூக்குங்கள்.

அப்புறம் பரம்பரை. ஆளுக்கு ஆள் எலும்பு அடர்த்தி வேறுபடுவதில் பாதிக்கு மேல் மரபணுவின் பங்கு என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வைட்டமின் டி-யை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதமும், கல்லீரலில் அதை மாற்றும் நொதியும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. ஒரே மாத்திரை போடும் அக்காவுக்கும் தம்பிக்கும் ரத்த அளவு வேறாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதற்காக எச்சில் அனுப்பி மரபணுச் சோதனை செய்யப் பணம் கட்ட வேண்டாம்; முடிவு எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியவை இவைதான்.

அதைவிட, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது அப்பா அம்மாவில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததா என்று கேளுங்கள். எலும்பு முறியும் வாய்ப்பைக் கணக்கிட டாக்டர்கள் பயன்படுத்தும் ஃப்ராக்ஸ் கணக்கில் அது ஒரு கேள்வி. பதில் ஆம் என்றால், டயட் தொடங்கும் முன்பே ஜி.பி-யிடம் சொல்லுங்கள். படி ஏறத் தொடை வலிக்கிறது, எலும்பெல்லாம் நோகிறது என்றால் குளிர் என்று விட்டுவிடாமல் வைட்டமின் டி அளவுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். லிட்டருக்கு 25 நானோமோலுக்குக் (ரிப்போர்ட்டில் வரும் அலகு) கீழே இருந்தால் அது பற்றாக்குறை. எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை அவர்களே எழுதித் தருவார்கள்.