வேளச்சேரிப் பக்கம் கட்டுப்படியாகும் வாடகை வீடு தேடுவது எப்படி?

சென்னையின் வேளச்சேரி, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் ஆகிய மூன்று பகுதிகளிலும் சென்ற ஆண்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் வீடு தேடினேன். அதற்கு முன்பு குடியிருந்த வீட்டை வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்து, அந்தக் குறைவை வேறு வழிகளில் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தவன் நான். ஆகவே இம்முறை கணக்குப் போட்ட பிறகே தேடத் தொடங்கினேன்.

முதலில், வாடகை, பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம், தண்ணீர்ச் செலவு, அலுவலகம் போய்வரும் செலவு ஆகியவற்றைக் கூட்டி ஒரு மாதத் தொகையை வகுத்துக்கொள்ளுங்கள். பறக்கும் ரயில் (உயர்பாதையில் ஓடும் நகர ரயில்) நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய வீட்டுக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும், தினமும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது பல நேரம் மலிவாகவே முடியும்.

அடுத்தது தேடல். கைப்பேசிச் செயலிகளை வாடகை நிலவரம் அறிய மட்டுமே நான் பயன்படுத்துகிறேன். ஏற்கெனவே ஆள் வந்துவிட்ட வீடுகளும் அவற்றில் பல நாள்கள் கிடக்கின்றன. தரகர் மூலம் போனால் ஒரு மாத வாடகை கமிஷனாகப் போய்விடும். ஞாயிறு காலையில் தெருத்தெருவாக நடந்து ‘டு-லெட்’ பலகைகளைப் பார்ப்பதும், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரிப்பதுமே என் அனுபவத்தில் சிறந்த வழி. எந்த வீட்டில் குடியிருப்பவர்கள் அடுத்த மாதம் காலி செய்கிறார்கள் என்பது பலகை மாட்டப்படும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

பருவமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டுக்குக் குடிபோக மக்கள் தயங்குவதால், ஆனிக் கடைசியில் காலியாக நிற்கும் வீட்டின் உரிமையாளருக்கு ஒரு மாத வாடகை போய்விடுமோ என்ற கவலை இருக்கும். அந்தப் பத்து நாள்களில் பேரம் பேசித்தான் நான் மாதம் 1,000 ரூபாய் குறைத்தேன்.

வீட்டைப் பார்க்கும்போது குழாய் முனையிலும் குளியலறை ஓடுகளிலும் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவார்களா, அந்தச் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள். தரைத்தளம் என்றால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் எதுவரை வந்தது என்பதைப் பக்கத்து வீட்டில் விசாரிப்பது நல்லது. உரிமையாளரின் நினைவில் நீர்மட்டம் எப்போதும் ஓரடி குறைவாகவே இருக்கும்.

இனி, என்னை ஏமாற வைத்த இடத்துக்கு வருகிறேன்: மின்மீட்டர். பழைய வீட்டில் மூன்று குடும்பங்களுக்கு ஒரே மின் இணைப்பு. எங்களுக்கு சப்-மீட்டர் (மின்வாரியம் தராமல் உரிமையாளரே உள்ளே மாட்டும் மீட்டர்) மட்டும் வைத்து, யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார்கள். அப்போது தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அந்த 100-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கும் தொடக்கத்தில் குறைந்த விலைதான். மூன்று குடும்பங்களின் பயன்பாடு ஒரே இணைப்பில் சேரும்போது, அந்த 100 யூனிட் ஒரு முறை மட்டுமே கிடைப்பதோடு, மொத்தம் 500-ஐத் தாண்டி எல்லோரும் கூடுதல் விலைக்குள் விழுந்துவிடுகிறோம். நாங்கள் இரண்டு மாதத்தில் பயன்படுத்திய 300 யூனிட்டுக்குத் தனி இணைப்பில் ஆயிரம் ரூபாய்கூட ஆகியிருக்காது. நான் கட்டியதோ 2,700. வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகை அப்படியே போயிற்று.

ஆகவே மீட்டர் பலகைக்கு முன் நின்று, வீடுகளை எண்ணி, மீட்டர்களையும் எண்ணுங்கள். ‘உங்களுக்குத் தனி மீட்டர்’ என்று சொன்னால், அது மின்வாரிய மீட்டரா சப்-மீட்டரா என்று கேட்டு, இணைப்பு எண்ணையும் கடைசி ரசீதையும் வாங்கிப் பாருங்கள்.

முன்பணம் பற்றி ஒரு சொல். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஆனால் பத்து மாதம் என்று எழுதி நீங்கள் கையெழுத்திட்டால் அதுவே உடன்பாடாகிவிடுகிறது. எனவே பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முந்தைய நாள். நான் ஐந்து மாதத்துக்குச் சம்மதித்தேன். முழுத் தொகையையும் வங்கி வழியாகவே அனுப்பினேன். காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்கு எவ்வளவு பிடித்தம் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாலேயே எழுத வைத்தேன். ‘நியாயமான தொகை’ என்ற சொல்லை மட்டும் ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்வதும் இச்சட்டப்படி அவசியம். பதினொரு மாத ஒப்பந்தம் என்பதால் தேவையில்லை என்று சொல்பவர்கள் பழைய வழக்கத்தைச் சொல்கிறார்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர், தனி மீட்டர் இருந்தும் கட்டணம் கூடுதலாக வருவதாக எழுதியிருந்தார்கள். இருவரில் ஒருவருக்குப் பொதுத் தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்குகளும் அவருடைய மீட்டரிலேயே இணைக்கப்பட்டிருந்தன. இதை நான் சோதிக்கவில்லை, சோதித்திருக்க வேண்டும். வீட்டுக்குள் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, உங்கள் மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தால் வேறு யாருடைய மின்சாரமோ உங்கள் கணக்கில் ஓடுகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிட்டு, பால் காய்ச்சும் நாளன்று அடுப்பைப் பற்றவைக்கும் முன்பாக மீட்டர் அளவை உரிமையாளர் முன்னிலையில் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவையுங்கள்.