நகர நாவலுக்கு ஐந்தொகை எழுதுவது எப்படி

காரைக்குடியில் நாங்கள் கூடி வாசிக்கும் திண்ணைக்குப் புதிதாக வருபவர் எவரும், இன்றைய நகர நாவல் பின்நவீனத்துவத்தை, அதாவது உறுதியான உண்மையை நம்பாமல் ஒட்டுவேலையும் பகடியுமாக விளையாடும் எழுத்துப் போக்கை, தாண்டிவிட்டதா என்று கேட்காமல் இருப்பதில்லை. இலக்கியக் கோட்பாட்டாளர் லிண்டா ஹட்சியன் 2002இலேயே அது முடிந்த கதை என்று எழுதிவிட்டார். வெர்மூலன், வான் டென் ஆக்கர் என்ற இரு கோட்பாட்டாளர்கள் 2010இல் ‘மெட்டாமாடர்னிசம்’ என்று அடுத்ததற்குப் பெயர் வைத்தார்கள். பெயர்கள் தெரிந்திருந்தால் போதும், அவற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

முதலில், பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் இங்கே கட்டிய பழைய வீடொன்றுக்குள் போய் நில்லுங்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, காலடியில் ஆத்தங்குடிக் கல். பின்நவீனக் கண்ணுக்கு இது பல தேசத்துத் துண்டுகளை ஒட்டிய விளையாட்டு. ஆனால் அந்தத் தூண் எந்த வட்டிப் பணத்தில் வந்தது, 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் கடனுக்காக நிலத்தை இழந்த உழவனுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர், ஒட்டுவேலையை மறுக்காமலேயே அதற்குக் கணக்குக் கேட்கிறார். நாவலையும் அப்படிக் கேட்க வேண்டும்.

அதற்கு இரண்டு நாவல்களைச் சேர்த்து வாசிப்பது நல்லது. பால் ஆஸ்டரின் ‘சிட்டி ஆஃப் கிளாஸ்’ (1985) நாவலில் ஒருவர் நியூயார்க்கில் நடக்கும் தடங்களைப் பின்தொடர்பவன் வரைந்து பார்க்க, அவை எழுத்துகளாகத் தெரிகின்றன, நகரமே புதிராகிவிடுகிறது. டெஜு கோலின் ‘ஓப்பன் சிட்டி’யிலும் (2011) அதே மன்ஹாட்டனில் ஒருவன் நடந்துகொண்டே இருக்கிறான். அங்கே தெருவுக்கு அடியில் கிடப்பது அடிமைகளாக்கப்பட்டவர்களின் இடுகாடு. இறுதிப் பகுதியில் ஒரு பெண், முன்பு அவன் தனக்கு இழைத்த பாலியல் வன்கொடுமையை முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவனோ வாசகருக்கு ஒரு பதிலும் தராமல் நகர்ந்துவிடுகிறான். நம்பத்தகாத கதைசொல்லி என்ற பழைய உத்திதான், ஆனால் இம்முறை அதில் ஒருத்தியின் காயம் இருக்கிறது.

பிறகு ஐந்தொகை, அதாவது வரவையும் பற்றையும் எதிரெதிரே வைக்கும் இருப்புக் கணக்கு, எழுதுவதுபோல நோட்டில் நடுக்கோடு போட்டு, இடப்புறம் உத்தியையும், வலப்புறம் அது யாருடைய வாழ்வைக் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். லண்டனில் நடக்கும் ஸேடி ஸ்மித்தின் ‘என்டபிள்யூ’ நாவலில் (2012) ஓர் அத்தியாயம், கணினி வரைபடம் தருவதுபோல வெறும் வழிக்குறிப்பு, அடுத்தது அதே நடையைப் பேருந்து எண்களோடும் கபாப் வாசனையோடும் சொல்கிறது. இடப்புறம் வழிக்குறிப்பு, வலப்புறம் அந்தத் தெருவில் வசிப்பவர்கள். ஒரு பெண்ணின் கதை 185 எண்ணிட்ட துணுக்குகளாக வருவதை மட்டும் அவசரப்பட்டு வித்தை என்று எழுதிவிடாதீர்கள். தன் பெயரையே மாற்றிக்கொண்டவளுக்கு வாழ்க்கை முழுசாக ஒட்டவில்லை என்பதற்கு அது பொருந்துகிறது. வலப்புறம் காலியாகவே நின்றால் ஆசிரியர் பின்நவீனத்துவத்தின் பழைய கடையிலேயே இருக்கிறார் என்று பொருள், எத்தனை விருது வாங்கியிருந்தாலும்.

இந்தக் கணக்கு இடிக்கும் ஒரு புத்தகம் நம் பக்கத்து ஊரிலேயே உண்டு. சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்தது. மெடானிலும் பினாங்கிலும் செட்டியார் கடைகளின் கணக்குவழக்குகளுக்கு நடுவே, பழந்தமிழ் இலக்கியத்தையே பகடி செய்துகொண்டு போகிறது. நோட்டின் இரண்டு புறமும் நிரம்பிவிடுவதால், அதை எந்த ஆண்டின் கீழ் பதிவது என்று எங்கள் திண்ணையில் இன்னும் தீர்ப்பாகவில்லை.