பிறந்த மாதமும் ஆட்டிசமும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஆய்வு மாணவர் ஒருவர், ஒரு சிகிச்சை மையத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து ஆட்டிசம் உள்ளவர்களின் பிறந்த மாதங்களைத் தொகுத்து வரைபடமாகக் கொண்டுவந்தார். மே மாதம் மட்டும் ஓங்கி நின்றது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்ததும் ஏறக்குறைய இதே படம்தான். கூட்டல் பிழைகளை அவரவரே கண்டுகொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பன்னிரண்டால் வகுப்பது

மொத்த எண்ணிக்கையைப் பன்னிரண்டால் வகுத்து, சராசரியைத் தாண்டிய மாதத்துக்குக் காரணம் தேடுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு. குழந்தைகள் எல்லா மாதங்களிலும் சமமாகப் பிறப்பதில்லை. அமெரிக்காவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பிறப்புகள் மிகுதி. ஆகவே அங்கே கை முறிந்த குழந்தைகளை எண்ணினாலும் அந்த மாதங்களே முந்தி நிற்கும். அந்தந்த மாதத்தில் பிறந்த அனைவரின் எண்ணிக்கையும் பகுதியாக (வகுக்கும் எண்ணாக) அமையாவிட்டால், தொகுதியை (ஆட்டிசம் உள்ளவர்களின் எண்ணிக்கையை) மட்டும் வைத்து எதையும் சொல்ல இயலாது.

நானோ மே மாத உயர்வுக்கு வைட்டமின் டி, கருக்காலக் காய்ச்சல் என்று விளக்கம் தேடி ஆறு மாதங்களை வீணாக்கினேன். ஒரு தாய்தான் என் கண்ணைத் திறந்தார்: "அது ஸ்கூல்ல சேர்க்கறதுக்காகக் குடுத்த தேதி சார். பையன் பொறந்தது ஆவணியில." ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வயது நிரம்ப வேண்டும் என்று பெற்றோர் எழுதவைத்த தேதிகளையே நான் நோய்க்காரணமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதைக் கழிப்பது

குறைமாதத்தில் பிறந்தோரிடம் ஆட்டிசம் சற்று மிகுதி. அவர்களுக்கும் பிறந்த மாதத்திலிருந்து ஒன்பது மாதங்களைக் கழித்தால் கருத்தரித்த மாதம் பிழையாகும். கருக்கால வாரங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

6 சதவீதத்தைக் கண்டு மிரள்வது

கலிபோர்னியாவில் 1990 முதல் 2002 வரையிலான பிறப்புகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், கோடையில் கருத்தரிக்கப்பட்டோரைவிடக் குளிர்காலத்தில் கருத்தரிக்கப்பட்டோரிடம் ஆட்டிசம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அன்றைய பதிவுகளின்படி அது 10,000 பேரில் சுமார் 29 என்பது 31 ஆவதற்கு ஒப்பாகும். செய்தித் தலைப்புகளுக்கு வேண்டுமானால் இது போதும். திருமண நாளை மாற்றப் போதாது.

தாயைப் பாராமல் மாதத்தைப் பார்ப்பது

அமெரிக்காவில் குளிர்காலத்தில் பிள்ளை பெறுவோரில் பதின்வயதினரும் குறைந்த கல்வி பெற்ற பெண்களும் சற்று அதிகம். தாயின் வயதையும் கல்வியையும் கணக்கில் கொள்ளாத பருவ வேறுபாட்டை நான் நம்புவதில்லை.

தரவைப் பார்த்தபின் மாதத்தைத் தேர்வது

கூடாது.

கலிபோர்னிய டிசம்பரைச் சென்னைக்குக் கொண்டுவருவது

அங்கே அது ஃப்ளூ காய்ச்சல் பரவும் குளிர்காலம். இங்கே வடகிழக்குப் பருவமழையின் கடைசி வாரங்கள்.