ஓட்டத்தோடு பாதை துப்புரவு: கொழும்பில் எப்படிச் செய்வது

குப்பை கடைசியில் எங்கே போகும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். நிரம்பிய பைகளைச் சந்தியில் வைத்துவிட்டுப் போனால் காகமும் நாயும் கிழித்து, வெயில் ஏறுமுன்னே பழையபடி பரப்பிவிடும். மாநகர சபை வண்டி அந்த வீதிக்கு என்ன நாளில், எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டு, அந்த நாளையே ஓட்ட நாளாக்குங்கள். வெள்ளவத்தையைத் தாண்டித் தெகிவளைக்குள் போனால் வேறு மாநகர சபை. அங்கே தனியாகப் பேச வேண்டும்.

12 பேர் வந்தால் மூவர் மூவராக 4 அணி: ஒருவர் பை பிடிக்க, இருவர் பொறுக்குவார்கள். காலை 5.45க்குத் தொடங்கி, வண்டி வரும் இடத்திலிருந்து 2 அல்லது 3 கிலோமீற்றர் நிற்காமல் ஓடுங்கள். பொறுக்குவது திரும்பும் வழியில்தான். அதற்குள் வெளிச்சமும் வந்துவிடும், பையும் போக வேண்டிய திசையிலேயே நகரும். போகும்போதே பொறுக்கத் தொடங்கும் குழுக்கள் பாதி வழியில் சுமையோடு மாட்டிக்கொள்கின்றன. பை 3 கிலோவுக்கு மேல் கனத்தால் ஓட வேண்டாம். ஒருபக்கச் சுமை இடுப்பை இழுக்கும். 500 மீற்றருக்கு ஒரு இடத்தில் இறக்கி வைத்துவிட்டு, கடைசியில் முச்சக்கர வண்டியில் சேர்த்து எடுங்கள். முதுகை வளைக்காமல் குந்தி எடுப்பதும் முக்கியம்.

சொப்பிங் பேக் வேண்டாம், ஒரு ஈர்க்கு குத்தினாலே கிழிந்துவிடும். 10 கிலோ அரிசிப் பை பொருத்தம்: தண்ணீர் வடியும், கழுவி மறுபடி பாவிக்கலாம். வைத்தியசாலைக் கையுறைக்குள் வியர்வை தேங்கும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய நூல் கையுறையே நல்லது. அணிக்கு ஒரு நீண்ட இடுக்கியும், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றும் தேவை.

அந்தப் போத்தல் ஊசிகளுக்கு. ரப்பர் கையுறையையும் ஊசி துளைக்கும். போத்தலை நிலத்தில் நிறுத்தி, கையால் பிடிக்காமல், இடுக்கியால் ஊசியை உள்ளே போடுங்கள். யாருக்காவது குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தாமதிக்காமல் தேசிய வைத்தியசாலை விபத்துப் பிரிவுக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அம்புலன்சுக்கு 1990. மஞ்சள் திரவம் உள்ள போத்தல்களைத் திறக்காமல் அப்படியே பையில் போடுங்கள். கடலோரத் தண்டவாளத்தை ஒட்டிய மரைன் டிரைவ் வீதியில் இவை நிறைய.

அங்கேயே இன்னொன்று: தண்டவாளத்துப் பக்கம் எவ்வளவு குப்பை கிடந்தாலும் இறங்கக் கூடாது. கடல் இரைச்சலில் ரயில் சத்தம் பிந்தித்தான் கேட்கும். மழைக்குப் பிறகு கால்வாய்க் கரையையும் விடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி சிறு கீறல் வழியாகவே உள்ளே போகும்.

நேரம் குறைவாக இருந்தால் சோறு சுற்றும் லஞ்ச் ஷீட்டையும் சிகரெட் கட்டைகளையும் விட்டுவிட்டு, தண்ணீர் தேங்கும் பொருட்களை மட்டும் எடுங்கள்: யோகட் கப், சிரட்டை, செவ்விளநீர்க் கோம்பை, பேணி. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு கிழமை போதும். தண்ணீரை வடிகானில் ஊற்றாதீர்கள், காய்ந்த மண்ணில் ஊற்றினால் குடம்பிகள் செத்துவிடும். ஊற்றிவிட்டுக் கப்பை அங்கேயே போடுவதிலும் பயனில்லை. முட்டைகள் உட்சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

வழியில் கண்ணாடியை மட்டும் தனிப் பையில் போடுங்கள். மற்றதை முடிவிடத்தில் ஒரு படங்கை விரித்துப் பிரித்துக்கொள்ளலாம். போத்தலை நசுக்கி மூடியை இறுக்கினால் மறுபடி ஊதாது, இடமும் மிச்சம்.

வெசாக் மறுநாள், இலவசமாக உணவும் பானமும் கொடுக்கும் தன்சல் பந்தல்களின் கோப்பைகள் குவிந்து கிடக்கும்; ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஒரே பையில் அடங்கும். ஆடிவேல் தேர் போன மறுநாள் காலி வீதியில் உடைத்த தேங்காய்ச் சில்லுகள். அவை சப்பாத்தில் வழுக்கும். அன்றைக்கு ஓட்டத்தை விட்டு, விளக்குமாறும் சவளும் கொண்டு நடந்தே செய்யுங்கள்.