இடுப்பின் ஒரு பக்கம் குத்துகிறதா? கைரோபிராக்டிக் (மூட்டைக் கையால் அழுத்தும்) சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

முதலில் வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பிட்டத்துக்குச் சற்று மேலே தோலில் குழி விழும் இடத்தையொட்டியே விரல் திரும்பத் திரும்பப் போய் நின்றால், சாக்ரோஇலியாக் மூட்டைச் சந்தேகிக்கலாம். முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டு இது. படுக்கையில் புரளும்போதும், ஒற்றைக்காலில் நின்று உடை மாற்றும்போதும் சுருக்கென்று குத்தும். வலி முழங்காலைத் தாண்டி, பாதம் மரத்துப்போனால் நரம்பு அழுத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை, கால் பலமிழத்தல் இருந்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். காய்ச்சலோடு முதுகுவலி, கீழே விழுந்தபின் வலி, புற்றுநோய் வந்த உடம்பு, எலும்பு மெலிந்து பலமிழத்தல், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் பார்க்கும்வரை யாரையும் அழுத்த விடாதீர்கள். இளவயதில் காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்து, நடக்க நடக்கத் தளர்ந்தால் அது மூட்டு அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டும்.

நல்ல நிபுணர் ஒரு சோதனையோடு நிறுத்தமாட்டார். மூட்டை வெவ்வேறு கோணங்களில் அழுத்தும் ஐந்து சோதனைகளில் குறைந்தது மூன்று உங்கள் வழக்கமான வலியைக் கிளப்ப வேண்டும். படுக்க வைத்துக் கால் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் ஏற்காதீர்கள்.

சிகிச்சையில் பெரும்பாலும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, இடுப்பெலும்பில் கைவைத்துச் சட்டென்று ஒரு குறுகிய அழுத்தம் தருவார்கள். அப்போது கேட்கும் 'படக்' சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தமல்ல. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம். சத்தம் வராவிட்டாலும் குறையில்லை. இம்மூட்டு அசைவதே ஓரிரு மில்லிமீட்டர்தான். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் துல்லியமாக அளந்தபோது எலும்பின் இடம் மாறியிருக்கவில்லை. ஆகவே 'விலகிய எலும்பைச் சேர்த்தேன்' என்ற பேச்சை நம்பி மாதக்கணக்கில் முன்பணம் கட்டவே வேண்டாம். தசை இறுக்கமும் வலியும் சிலநாள் குறையும், அதுவே பலன். நான்கைந்து முறைக்குள் மாற்றம் தெரியாவிட்டால் வேறு வழி தேடுங்கள். மறுநாள் லேசாக வலிப்பது இயல்பு.

வலி குறைந்த அந்த நாட்களில்தான் பிட்டத் தசையைப் பலப்படுத்த வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை உயர்த்தி 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, தினம் இருவேளை. பின்தொடை பிடித்துக்கொண்டால் குதிகால் தள்ளியிருக்கிறது, பிட்டத்தருகே இழுங்கள். கீழ்முதுகு வலித்தால் அளவுக்கு மீறி உயர்த்துகிறீர்கள். பிரசவத்துக்குப் பின் மூட்டு தளர்ந்திருப்பவர்கள் இடுப்பை வளைத்து இழுக்கும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. தளர்ந்ததை மேலும் தளர்த்தும்.

இம்மூட்டைத் தாங்கப் போடும் பெல்ட்டைக் கட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். அதை வயிற்றைச் சுற்றிக் கட்டக்கூடாது. முன்பக்கம் துருத்தும் இடுப்பெலும்பு முனைக்குக் கீழே, தொடையெலும்புப் புடைப்புக்கு மேலே வரவேண்டும். நடக்கும்போது கட்டுங்கள், படுக்கும்போது கழற்றிவிட்டு முழங்கால்களுக்கிடையே தலையணை வையுங்கள்.