கறுப்பு எள் கண்ணை ஏமாற்றும்

தாங்யுவான் என்பது சீனப் புத்தாண்டின் 15ஆம் நாள் வரும் விளக்குத் திருவிழாவுக்குச் செய்யும் பசையரிசி மாவு உருண்டை. சீனாவின் நிங்போ ஊர்ப் பாணியில் செய்ததைக் கடித்தால் உள்ளிருந்து கறுப்பாக ஒரு இனிப்பு விழுது வழியும். எள், சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, அவ்வளவுதான். மூன்றே பொருள்தானே என்று நானும் இறங்கினேன். முதல் தடவை கசந்தது. இரண்டாம் தடவை பல்லில் நறநறவென்று மண் மாதிரி இருந்தது.

கசந்ததற்குக் காரணம் வறுவல். வெள்ளை எள் சிவந்தால் தெரியும். கறுப்பு எள் பச்சையாக இருந்தாலும் கறுப்பு, கருகிப் போனாலும் கறுப்பு. கண்ணை நம்பி வறுத்தால் மோசம் போவோம். ஒரு டீஸ்பூன் வெள்ளை எள்ளையும் கூடவே வாணலியில் போட்டுவிடுங்கள். அது இளம் பொன்னிறமானால் கறுப்பும் தயார். இன்னொரு சோதனை, ஒரு எள்ளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்குவது. பொடிந்து மணம் வந்தால் சரி, தட்டையாக அமுங்கினால் இன்னும் பதம் வரவில்லை. தீ சிறியதாகவே இருக்கட்டும். படபடவென்று வெடித்துத் தெறிக்க ஆரம்பித்தபின் அலைபேசியை எடுக்கப் போகாதீர்கள். எள்ளுருண்டைக்குச் சற்றுக் கூடுதலாக வறுத்தாலும் வெல்லம் அந்தக் கசப்பைக் கொஞ்சம் மூடிவிடும். வெள்ளைச் சர்க்கரைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அடுப்பை அணைத்துவிட்டு எள்ளை வாணலியிலேயே விடுவதும் தவறு. கனமான இரும்புச் சட்டி என்றால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். உடனே தாம்பாளத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும்.

நறநறப்புக்கு ஒரு காரணம், அரிக்காத எள். இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து அரித்து, வடித்து, ஈரம் வற்றும்வரை வறுத்தால் மண் போய்விடும். தண்ணீர் லேசாகக் கறுத்தால் பயப்பட வேண்டாம், கறுப்பு எள்ளின் இயல்பு அது. மை மாதிரி இறங்கினால் மட்டும், சாயம் ஏற்றிய எள்ளோ என்று ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக இருக்க வேண்டும்.

பெரும்பாலும் ஆட்டம் காண்பது அரைக்கும்போதுதான். மிக்ஸியில் போட்டதும் கிடைப்பது கறுப்பு விழுது அல்ல, சாம்பல் நிறப் பொடி. உள்ளே இருக்கும் வெளுத்த பருப்பு வெளியே வருவதால் அப்படி. இது ஆகாது என்று இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள், அல்லது சட்னிப் பழக்கத்தில் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் பட்டால் எள் கட்டிதட்டி இறுகும், சீக்கிரம் கெட்டும் போகும். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அது வெளியே வர நேரம் கொடுத்தால் போதும். சின்ன ஜாரில், பிளேடு மூழ்கும் அளவுக்கு எள் போட்டு, விட்டு விட்டு ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பொடி ஜார் சுவரில் ஒட்டும், அப்புறம் ஈரமண் போல உருளும், திடீரென்று பளபளவென்று கறுத்து இளகும். ஜார் கையைச் சுட்டால் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

இளகவே மறுத்தால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடலாம். ஆனால் நல்லெண்ணெய் வேண்டாம். சீனச் சமையலின் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது. நம் செக்கெண்ணெய் பச்சை எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது. அந்த வாசனை தனியாகத் தூக்கும். வாசனையில்லாத எண்ணெய் ஏதாவது போதும்.

சர்க்கரையைத் தனியாகப் பொடித்துக் கடைசியில் சேர்ப்பது நல்லது. 100 கிராம் எள்ளுக்கு 60 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு என்பது என் கணக்கு. பூரணத்துக்கு என்றால் இதோடு 50 கிராம் பன்றிக் கொழுப்பு, அல்லது உப்பில்லாத வெண்ணெய். நெய் விட்டால் சுவை சீனாவை விட்டு நம் ஊர் லட்டுப் பக்கம் வந்துவிடும். தப்பில்லை, ஆனால் அது வேறு பலகாரம்.

இளகிய பூரணத்தை அப்படியே மாவுக்குள் வைக்காதீர்கள். எண்ணெய் பட்ட விளிம்பு ஒட்டாது, கொதிநீரில் வாய் பிளந்து பானையே கறுத்துவிடும். 10 கிராம் உருண்டைகளாகப் பிடித்து ஃப்ரீசரில் கல் மாதிரி இறுகவிட்டு, பிறகு மாவில் பொதியுங்கள்.

தாங்யுவான் வெந்து மிதந்ததும் இன்னும் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். எடுத்ததும் வாயில் போட வேண்டாம். வெளி மாவு ஆறியிருக்கும், உள்ளே கொழுப்பும் சர்க்கரையும் கொதித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் ஒரு சின்னக் கடி கடித்து, ஆவி போகவிட்டு, பிறகு சாப்பிடுங்கள். என் மேலண்ணம் வெந்து மூன்று நாள் காப்பிகூடக் குடிக்க முடியாமல் போனது இப்படித்தான்.