தலைவர்களின் கல்லூரிக் காலம்: ஊகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அரசியல் தலைவரின் மாணவப் பருவத்தை ஆராய்வோர் அடிக்கடி செய்யும் பெரிய தவறு, தகவல் இல்லாத இடத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்வதுதான். பராக் ஒபாமா 1981 இல் ஆக்சிடென்டல் கல்லூரியிலிருந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் ஆண்டில் மாறி, 1983 இல் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். அங்கே அவரைப் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை, ஆகவே அவர் படிக்கவே இல்லை என்று பின்னாளில் ஒரு பேச்சு பரவியது. பாதியில் வந்து சேர்ந்து, வளாகத்துக்கு வெளியே தங்கிப் படித்த ஒருவரைச் சக மாணவர்கள் பலர் அறியாமல் போனதில் வியப்பு என்ன இருக்கிறது? வளாகத்தில் அணு ஆயுதப் போட்டியை எதிர்த்து இயங்கிய மாணவர் குழுக்களைப் பற்றி, சன்டயல் என்ற மாணவர் இதழில் 1983 மார்ச்சில் அவர் எழுதிய கட்டுரையே அச்சில் இருக்கிறது. பட்டம் வழங்கியதைப் பல்கலைக்கழகமும் உறுதி செய்திருக்கிறது.

மதிப்பெண் பட்டியல் வெளிவராததைக் குற்றமாகக் காட்டுவதும் இந்த வகைதான். மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அதைப் பொதுவில் வெளியிட 1974 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

ஊர் ஒத்துப்போனாலே பழக்கம் இருந்ததாக முடிவுகட்டுவது இன்னும் ஆபத்தானது. வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்கத் தீவிர இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்த பில் ஏயர்ஸ், கொலம்பியாவைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் 1987 இல் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை வைத்து, இருவரும் நியூயார்க்கிலேயே நெருங்கிப் பழகியதாகச் சிலர் கதை கட்டினார்கள். ஒபாமாவோ 1983 இல் படிப்பை முடித்து, 1985 இல் சிகாகோவுக்கே போய்விட்டார். ஆவணங்களில் தெரியும் தொடர்பு பிற்காலத்தது: இல்லினாய்ஸ் மாநில மேலவைக்குப் போட்டியிட ஒபாமா முனைந்தபோது, 1995 இல் சிகாகோவில் ஏயர்ஸின் வீட்டில் ஓர் அறிமுகக் கூட்டம் நடந்தது, பின்னர் உட்ஸ் நிதியம் என்ற அறக்கட்டளையின் இயக்குநர் குழுவிலும் இருவரும் இருந்தனர். தலைவர் மீதுள்ள பற்றினால் இவற்றை மறைப்பது நேர்மையல்ல. அதேபோல, 1961 இல் பிறந்த ஒருவர் மீது, அவர் சிறுவனாக இருந்த 1970 களின் தொடக்கத்தில் அந்த இயக்கம் நடத்திய குண்டுவெடிப்புகளின் பழியைச் சுமத்துவதும் நியாயமல்ல.

உடன்படித்தவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேசும்போது, அவர் எந்த ஆண்டில், எந்தத் துறையில் படித்தார், தலைவரை நேரில் அறிந்தவரா அல்லது பிறர் சொல்லக் கேட்டவரா என்று விசாரித்த பிறகே அந்தக் கூற்றைப் பயன்படுத்த வேண்டும்.